ஆறுமணிக் குருவிக்கு ஒரு கூடை நிழல்

மஞ்சளுக்குப் பேர்போன நம்ம நாமகிரிப்பேட்டைக்கு ஐப்பசி பொறந்தா ஒரு விருந்தாளி வருது. இமயமலை அடிவாரத்துல இருந்து, ராத்திரி ராத்திரியாப் பறந்து! நவநிறமும் உடம்புல இருக்கும். விடியக்காலம் ஆறு மணிக்கும் பொழுதுசாய ஆறு மணிக்கும் கூவறதால ஆறுமணிக் குருவின்னு பேரு.

அப்ப எனக்குப் பத்து வயசு. மாட்டுத்தொட்டி ஓரமா ஒண்ணு சுருண்டு கெடந்துது. செத்துப்போச்சுன்னு நான் அழுதேன். எங்க அம்மாயி அதிகம் பேசல. கூடையை எடுத்து மேல கவுத்துனாங்க. "அலுத்து வந்திருக்குது சாமி, தூங்கட்டும்." பூனை வராம பக்கத்துலயே உக்காந்திருந்தாங்க. பொழுதுசாயத் தூக்குனா, சருகுக்குள்ள தத்தித் தத்திப் போயிருச்சு! (கைதட்டல்) அந்தக் கைதட்டு அம்மாயிக்கு, எனக்கில்ல.

அதுக்கு அரிசி வேண்டாமுங்க, கம்பு வேண்டாமுங்க. சருகைப் பொரட்டி, அடியில இருக்கற புழு பூச்சியைத் திங்கிற சாதி. நாம என்ன பண்றோம்? வாசல் சுத்தம்னு தெனம் கூட்டிக் கொளுத்தறோம். வந்த விருந்தாளியோட இலையில நெருப்பு வெக்கிறோம்! மரத்தடிச் சருகை மாசி, பங்குனி வரைக்கும் விட்டு வைங்க. ஒரு மண்சட்டியில தண்ணி. அவ்வளவுதான்.

"மனுசனுக்கே தண்ணியில்ல, குருவிக்கு ஒரு கூட்டமா"ன்னு சில பேரு கேக்கறாங்க. பேர் சொல்ல மாட்டேன். அவங்க வாசல்ல வேப்பமரம் நின்னுது. வெட்டி, சிமெண்ட் பூசி, மழைத்தண்ணியைச் சாக்கடைக்கு அனுப்புனது யாரு? குருவியா? (பலத்த கைதட்டல்) அந்த மரத்தடியில கோலி ஆடுனவன் நான். சொல்லாம விடமாட்டேன்!

குருவிக்காக விட்டுக்குடுத்த ஊரும் இருக்குதுங்க. சிவகங்கைச் சீமையில பொத்தகுடின்னு ஒரு ஊர். 2020, ஊரடங்கு. தெருவிளக்குச் சுவிட்சுப் பெட்டிக்குள்ள ஒரு சின்னக் குருவி முட்டை வெச்சிருச்சு. தினமும் சுவிட்சுப் போடற பையன் பாத்தான். ஊர்க்காரங்ககிட்டச் சொன்னான். ஒரு மாசத்துக்கு மேல ஊரே இருட்டுல இருந்துது, குஞ்சு பறக்கற வரைக்கும்! அதே சீமையில வேட்டங்குடிச் சரணாலயத்துப் பறவைகளுக்காகக் கொள்ளுக்குடிப்பட்டிக்காரங்க தலைமுறையாத் தீபாவளிக்கு வெடியே போடறதில்ல. நம்ம விருந்தாளி வர்றதும் அந்தத் தீபாவளிச் சமயந்தானுங்க.

பட்டாசையாவது மறந்துருவேன். அந்தப் பையனை மறக்க முடியல. ஒரு சுவிட்சுதான். போடாம நின்னான்.

மணி ஆறு ஆகப்போவுது. மைக்செட் தம்பி, கொஞ்சம் நிறுத்துப்பா. பாக்குத் தோப்புப் பக்கம் எல்லாரும் காது குடுங்க.