ஒட்டிக்கொண்ட புள்ளி

(வானொலியில் ஒலிபரப்பான மறையுரையின் எழுத்து வடிவம்)

நான் செய்த ஒரு தவற்றைச் சொல்லி இன்றைய சிந்தனையைத் தொடங்குகிறேன். கேட்பவர்கள் பெரிய குற்றம் என்று சொல்லமாட்டார்கள். ஒரு டம்ளர் தேநீர் கொட்டியது, அவ்வளவுதான்.

நான் உதவிப் பங்குத்தந்தையாக இருந்த காலம். தவக்காலத்தில் ஒரு சனிக்கிழமை இரவு, பங்கு அலுவலகக் கணினியில் மறுநாளைய மறையுரையைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தேன். கை பட்டு, பாலும் சர்க்கரையும் தாராளமாகக் கலந்த தேநீர் கீபோர்டின் மேல் கவிழ்ந்தது. கைக்குட்டையால் மேலே துடைத்தேன். பார்வைக்குப் பளிச்சென்று ஆகிவிட்டது. விளக்கை அணைத்துவிட்டுப் படுக்கப் போனேன். மறுநாள் நான் பேசிய பொருள் ஒப்புரவு அருட்சாதனம்!

புதன்கிழமை மாலை, பங்கு மடலைத் தட்டச்சு செய்யும் கல்லூரி மாணவன் வந்தான். விசைகளின் இடுக்கில் எறும்புகள் ஊர்ந்துகொண்டிருந்தன. நாலைந்து விசைகள் அழுத்தினால் மேலே எழும்பவில்லை. தமிழ்99 முறையில் தட்டச்சு செய்பவர்களுக்குத் தெரியும்: மெய்யெழுத்துக்கு வைக்கிற புள்ளி, இடக்கை ஆள்காட்டி விரலுக்குக் கீழே இருக்கிறது. அந்த விசைதான் முதலில் போயிருந்தது. 'அன்பு' என்று அடித்தால் 'அனபு' என்று வந்தது.

அங்கிருந்த பங்குப் பேரவை உறுப்பினர் ஒருவர், "நீதானே எப்பவும் கூல்டிரிங்க்ஸ் பாட்டிலோட இங்க உட்கார்ந்திருப்பே?" என்று அவனைக் கடிந்துகொண்டார். அவன் தலைகுனிந்து நின்றான். நான் வாசற்படியில் நின்றேன். வாய் திறக்கவில்லை. அவர் பேசி முடிக்க ஒரு நிமிடம் ஆகியிருக்கும். அன்பர்களே, தேநீர் கொட்டியது பாவமல்ல. அந்த ஒரு நிமிடம்தான் பாவம்.

அவர் போனபின் உள்ளே சென்று, "தம்பி, கொட்டியது நான்தான்" என்றேன்.

"தெரியும் சாமி. கூல்டிரிங்க்ஸ் கொட்டினா இப்படிப் பால் வாடை வராது" என்றான்.

"பிறகு ஏன் சொல்லவில்லை?"

"நீங்களே சொல்லுவீங்கன்னு நினைச்சேன்."

அதற்குமேல் அவன் எதுவும் பேசவில்லை. கணினியை அணைத்து, கீபோர்டின் வயரைக் கழற்றினான். எந்த விசை எங்கே என்று மறக்காமலிருக்க, கைப்பேசியில் ஒரு படம் எடுத்துக்கொண்டான். விசை மூடிகளை ஒவ்வொன்றாக நெம்பி எடுத்தான். நீளமான விசைகளுக்கு அடியில் சிறு கம்பி ஒன்று இருக்கும். அவசரப்பட்டு இழுத்தால் பிடிப்பு ஒடிந்துவிடும் என்றான். மூடிகளை வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் ஊறப்போட்டான். அந்த வேலையை எனக்குக் கொடுத்தான்.

பிறகு பின்பக்கத் திருகுகளைக் கழற்றித் திறந்து காட்டினான். உள்ளே மெல்லிய பிளாஸ்டிக் தாள்கள் மூன்று இருந்தன. மேல்தாளிலும் கீழ்த்தாளிலும் மின்கோடுகள், நடுத்தாளில் துளைகள். விசையை அழுத்தும்போது அந்தத் துளை வழியாக இரண்டு கோடுகளும் தொட்டுக்கொள்கின்றன. நான் மேலே துடைத்துக்கொண்டிருந்தபோதே தேநீர் இங்கே இறங்கிவிட்டது. தண்ணீர் காய்ந்தது, சர்க்கரை பாகாகி, தாள்களை ஒட்டவைத்துவிட்டது.

ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சில் தொட்டு, கோடுகள் அழிந்துவிடாமல் மெதுவாக ஒற்றி எடுத்தான். "அழுத்தித் தேய்ச்சா கறையோட கோடும் போயிரும் சாமி" என்றான். எல்லாவற்றையும் நிழலில், விசிறிக் காற்றில் இரண்டு நாள் காயவைத்தோம். "அன்னைக்கே வயரைக் கழற்றி, கவிழ்த்துப் போட்டு, சொல்லியிருந்தா இவ்வளவு வேலை இல்லை" என்று மட்டும் சொன்னான்.

அன்பானவர்களே, கிண்ணத்தின் வெளிப்புறத்தை மட்டும் கழுவுகிறவர்களை ஆண்டவர் கண்டித்ததை மத்தேயு நற்செய்தியில் நாம் கேட்டிருக்கிறோம். அது பரிசேயருக்குச் சொன்னது என்று அதுவரை எண்ணியிருந்தேன். அந்த மாலையில் அது எனக்குச் சொன்னது.

நம் பாவமும் இப்படித்தான். கொட்டிய உடனே மேலே துடைத்துவிடுகிறோம். வீட்டிலே ஒரு கடுஞ்சொல், கணக்கிலே ஒரு சிறு பொய், அடுத்தவர் மேல் விழுந்த பழியைத் தடுக்காத மௌனம். எல்லாம் சரியாகிவிட்டதாகத் தோன்றும். ஆனால் அது கண்ணுக்குத் தெரியாத அடுக்குக்கு இறங்கிக் காய்ந்து ஒட்டிக்கொள்கிறது. பிறகு ஒருநாள் 'அன்பு' என்று சொல்ல நினைக்கிறோம். வேறு ஏதோ வருகிறது.

நல்ல பாவசங்கீர்த்தனத்தின் கடைசிக் காரியம் பரிகாரம் என்று மறைக்கல்வியில் படித்தோம். அந்தப் பையனிடம் நான் தனியாகச் சொன்னது பாதிதான். பழி நாலு பேர் முன்னால் விழுந்தது. ஆகவே அடுத்த ஞாயிறு பேரவைக் கூட்டத்தில், அந்த உறுப்பினர் இருக்கும்போதே, நடந்ததைச் சொன்னேன். மறையுரை ஆற்றுவதைவிட அது கடினமாக இருந்தது. அவர் எழுந்துபோய் அந்தப் பையனின் தோளில் கைபோட்டார். அந்த மன்னிப்பில் எனக்கும் பங்கு கிடைத்தது.

உங்கள் வீட்டிலும் இப்படி நடக்கலாம். நடந்தால் முதலில் மின்இணைப்பைத் துண்டியுங்கள். பிறகு கவிழ்த்து வையுங்கள். மடிக்கணினி என்றால் விசைகளுக்கு அடியிலேயே அதன் முக்கியப் பாகங்கள் இருக்கின்றன. வேலை செய்கிறதா என்று போட்டுப் பார்க்காமல், அன்றைக்கே பழுதுபார்ப்பவரிடம் கொண்டுபோங்கள். சூடான காற்றை அடிக்காதீர்கள். கொட்டியது பிள்ளை என்றால், தயவுசெய்து முதலில் அடிக்காதீர்கள். அடி வாங்கிய பிள்ளை அடுத்தமுறை மேலே துடைத்துவிட்டுப் போய்விடும். பயமில்லாத வீட்டில்தான் பிள்ளைகள் உடனே வந்து உண்மையைச் சொல்வார்கள். நம் வானகத் தந்தையின் வீடு அப்படிப்பட்டது. வாயிலிலேயே நமக்காகக் காத்திருக்கிறவர் அவர்.

அந்தக் கீபோர்டு அதற்குப் பிறகும் உழைத்தது. புள்ளி விசை மட்டும் கொஞ்சம் இறுக்கமாகவே இருந்தது, சற்று அழுத்தவேண்டும். ஒவ்வொரு முறை 'அன்பு' என்று தட்டச்சு செய்தபோதும், அந்த ஒரு நிமிடம் நினைவுக்கு வந்தது. அந்த நினைவும் ஆண்டவர் தந்த அருள் என்றே எடுத்துக்கொண்டேன்.

செபிப்போமாக. இரக்கமுள்ள தந்தையே, நாங்கள் மேலே துடைத்து மறைத்தவற்றை நீர் அறிவீர். காய்ந்து இறுகுமுன் அவற்றை உம்மிடம் கொண்டுவரும் துணிவை எங்களுக்குத் தாரும். எங்கள் மௌனத்தால் பழிசுமந்தவர்களைத் தேடிச்சென்று ஒப்புரவாகும் மனதைத் தாரும். எங்கள் ஆண்டவராகிய இயேசு கிறிஸ்து வழியாக உம்மை மன்றாடுகிறோம். ஆமென்.