கர்மவீரர் என்னும் சொல்



சான்றோர் ஒருவரின் வாழ்வு, மக்கள் அவருக்கு இட்டு வழங்கிய சொற்களில் தங்கி நிற்கும். மகாராட்டிரத்தின் கல்வித் தொண்டரும் சமூகச் சீர்திருத்தருமாகிய பாவுராவ் பாட்டீலின் வரலாற்றை மூன்று சொற்கள் விளக்கும்.

முதற்சொல் 'ரயத்'. 1887ஆம் ஆண்டு செப்டம்பர் 22ஆம் நாள், கோலாப்பூர்ப் பகுதியிலுள்ள கும்போஜ் என்னும் ஊரில், சமணக் குடும்பத்தில் பிறந்தவர் பாவுராவ். 1919இல் அவர் நிறுவிய கல்வி அமைப்பு 'ரயத் சிட்சண சன்ஸ்தா'. ரயத் என்பது குடியானவரைக் குறிக்கும். ரயத்துவாரி என்னும் நிலவரி முறையின் வழியே தமிழரும் அறிந்த சொல் அது. வரி செலுத்த அழைக்கப்பட்டுவந்த குடியானவரை, அவ்வமைப்பு கல்வி கற்க அழைத்தது.

இரண்டாம் சொல் 'அண்ணா'. மராத்தியிலும் அதற்குத் தமையன் என்பதே பொருள். 1924இல் சாத்தாராவில் அவர் தொடங்கிய மாணவர் விடுதியில், தீண்டாதார் என ஒதுக்கப்பட்ட குலத்துப் பிள்ளைகளும் ஏனையோரும் ஒன்றாகத் தங்கினர், ஒன்றாக உண்டனர், உழைத்துக்கொண்டே கற்றனர். 1927இல் காந்தியடிகள் அவ்விடுதிக்கு வருகை தந்தார். பிறப்பால் வேறுபட்ட பிள்ளைகள் ஒரு பந்தியில் அமர்ந்தபோது, அவர்களுக்கு உறவுமுறை ஒன்றாயிற்று.

மூன்றாம் சொல் 'கர்மவீரர்'. சமண நூல்களில் கர்மம் என்பது உயிரைப் பிணிக்கும் வினை. அதனை வெல்வோரே வீரர். மக்கள் வழங்கிய பட்டத்திலோ கர்மம் என்பது இடையறாத செயல். இரண்டும் முரண்போலத் தோன்றும். எனினும், வினையை உயிரோடு ஒட்டவைப்பது பற்று. பற்றின்றிச் செய்யும் தொண்டில் இரு பொருளும் இணைந்துவிடுகின்றன.

அப்பற்றை விட்டவர் அவர் ஒருவர் மட்டும் அல்லர். விடுதியில் பொருள் முட்டியபோது, பிள்ளைகளின் உணவுக்காகத் தம் பொன்னணிகளை ஒவ்வொன்றாக ஈந்தவர் அவர்தம் மனைவி இலட்சுமிபாய். இறுதியில் மங்கலநாணும் அப்பணிக்கே சென்றது. 1930இல் அவ்வம்மையார் மறைந்தார். பட்டம் கணவர் பெயரோடு நின்றது. அதன் பொருளில் பாதி இலட்சுமிபாய்க்கு உரியது.

தமிழகத்தில் கர்மவீரர் எனப் போற்றப்படுபவர் காமராசர். அவரும் ஏழைப் பிள்ளைகளுக்கு எழுத்தையும் மதிய உணவையும் சேர்த்து அளித்தவர். இரு மொழி மக்களும் இத்தகையோரையே இச்சொல்லால் அழைத்தமை எண்ணத்தக்கது.

1959இல் பாவுராவுக்குப் பத்மபூஷண் விருது அளிக்கப்பட்டது. அவ்வாண்டு மே 9ஆம் நாள் அவர் மறைந்தார். எனினும், இன்றும் அவர் பெயருக்கு முன் நிற்பது மக்கள் தந்த சொல்லே.

ஆகாரம், அபயம், ஔடதம், சாத்திரம் எனச் சமணம் கூறும் நால்வகைத் தானங்களுள் உணவும் கல்வியும் சாத்தாராவில் ஒரு கூரையின்கீழ் நிகழ்ந்தன. முனிவர் உறைவிடத்தைக் குறித்த 'பள்ளி' என்னும் சொல்லே தமிழில் கல்விக்கூடத்தின் பெயராயிற்று. அச்சொல்லின் மரபுக்கு உரிய ஒவ்வோர் இல்லமும், விழாச் செலவில் ஒரு பங்கைக் குலம் வினவாது ஓர் ஏழைப் பிள்ளையின் படிப்புக்கு ஒதுக்குமாயின், கர்மவீரர் என்னும் சொல் இங்கும் பொருளுடையதாகும்.

அறம் வளர்க!