எண்ணெய் சொட்டாத ஜீப்
(குடியிருப்போர் காலாண்டுக் கூட்டத்தில் பேசியது)

கீழே என் ஜீப் நிற்கிற இடத்தில் கருப்பாக ஒரு வட்டம் இருந்ததே, அதைப் பற்றித்தான் பேச வந்தேன். காலையில் பால் வாங்கப் போன முதல் மாடிப் பெரியவர் அதில் வழுக்கி, தூணைப் பிடித்ததால் தப்பித்தார். வீட்டுக்கே போய் மன்னிப்புக் கேட்டேன். அப்புறம்தான் ஸ்பேனரை எடுத்தேன்.

வண்டி பழைய மஹிந்திரா. 1947-இல் வில்லிஸ் ஜீப்பை இங்கே பூட்டத் தொடங்கிய கம்பெனி. என் வண்டியின் பின் அச்சும் அந்த வம்சம்தான். நடுவில் பூசணிக்காய் மாதிரி உப்பியிருக்கும் டிஃபரன்ஷியலுக்குள் கிரவுனும் பினியனும் சுற்றும். பின்பக்கத் தகட்டு மூடிக்குப் பத்து போல்ட்டு. அடியில் ட்ரெயின் பிளக் கிடையாது, ஆயில் மாற்ற மூடியைக் கழற்றியே ஆக வேண்டும். ஜிப்ஸி வைத்திருப்பவர்கள் சிரிக்கலாம். அதில் இந்த மூடி வேலையே இல்லை, பிளக்கைத் திறந்தால் போதும்.

இதற்கு முன் இரண்டு முறை வெளியே கொடுத்து மாற்றினேன். இரண்டு முறையும் சிலிக்கானைச் சட்னி மாதிரி அப்பித் தந்தார்கள். ஒரே மாதத்தில் சொட்டியது. குறை சிலிக்கானில் இல்லை என்று இப்போதுதான் புரிந்தது.

முதலில், ஆயில் ஊற்றும் பிளக்கைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் மூடியில் கை வைக்க வேண்டும். கடல் காற்றில் துருப்பிடித்து அது திறக்காமல் போனால், பழைய ஆயிலை இறக்கிய பிறகு புதியதை எப்படி ஊற்றுவது? கொஞ்ச தூரம் ஓட்டிச் சூடாக்கினால் தொண்ணூறு ஆயில் நன்றாக இறங்கும். சக்கரங்களுக்குக் கல் வையுங்கள். மேல் போல்ட்டு இரண்டைத் தளர்த்தி மட்டும் விட்டு, மற்றதைக் கழற்றிக் கீழ் ஓரத்தை நெம்பினால் பேசினில் கொட்டும்.

எனக்குக் கொட்டியது பால் கலந்த காபி நிறத்தில். மழையில் திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் போனபோது முழங்கால் தண்ணீரில் இறக்கினேன். சூடான அச்சு திடீரென்று குளிர்ந்தால் உள்ளே காற்று சுருங்கி, கிடைத்த இடுக்கில் தண்ணீரை இழுக்கும். அச்சின் மேலே இருக்கும் பிரீதரில் சேறு அடைத்திருந்தது. அது அடைத்தால் இன்னொரு வினையும் உண்டு: ஓடிச் சூடேறும்போது காற்றுக்கு வழியில்லாமல் ஆயிலை சீல் வழியாக வெளியே தள்ளும். என்ன அப்பினாலும் நிற்காது. பிரீதரைச் சுத்தம் செய்ய ஐந்து நிமிடம்தான்.

பிறகு பொறுமை. பழைய பேக்கிங்கைச் சுரண்டும்போது துகள் உள்ளே விழக்கூடாது. மூடியைக் கண்ணாடி மேல் கவிழ்த்துப் பாருங்கள். யாரோ முறுக்கி முறுக்கி என் மூடியில் போல்ட்டு ஓட்டையைச் சுற்றி மேடாகியிருந்தது, தட்டிச் சமப்படுத்தினேன். ஹவுசிங்கின் கீழ் விளிம்பில் ஆயில் கசிந்துகொண்டே இருக்கும். ராத்திரி முழுக்க வடியவிட்டு, காலையில் பனியன் வேஸ்ட்டால் துடைத்து, பிரேக் கிளீனர் போட்டு இரு முகமும் உலர்ந்த பிறகே சிலிக்கான். இதை வெட்டவெளியில் செய்யுங்கள். மீட்டர் போர்டு பக்கத்தில் பெட்ரோல் ஊற்றித் துடைக்கிற வேலை தயவுசெய்து வேண்டாம்.

கடையில் அனபாண்ட் என்றால் தருவார்கள். மூன்று மில்லிமீட்டர் கோடு, நடுவில் விடாமல், ஒவ்வொரு ஓட்டைக்கும் உட்பக்கமாக. அதிகம் வைத்தால் உள்ளே பிதுங்கி, பிய்ந்து ஆயிலில் மிதக்கும். மூடியை வைத்து, எதிரெதிர் போல்ட்டாக, அளவாக முறுக்குங்கள். உடனே ஆயில் ஊற்றாதீர்கள், ஒரு நாள் காயட்டும். அவசரக்காரனான எனக்கு இதுதான் கஷ்டமாக இருந்தது. ஊற்றும்போது வண்டி சமதரையில் நிற்க வேண்டும். ஓட்டையின் கீழ் விளிம்பை ஆயில் தொட்டதும் நிறுத்திவிடலாம்.

பழைய ஆயிலைத் தயவுசெய்து நம் மழைநீர்க் கால்வாயில் ஊற்ற வேண்டாம். கேனில் அடைத்து, கழிவு ஆயில் எடுத்துக்கொள்ளும் ஒர்க்ஷாப்பில் கொடுத்தேன்.

இப்போது வண்டிக்கு அடியில் ஒரு வெள்ளை அட்டை விரித்திருக்கிறேன். மூன்று வாரமாகிறது. பெரியவர் தினமும் பால் வாங்கிவிட்டு வரும்போது குனிந்து பார்த்துவிட்டுத்தான் லிஃப்ட்டுக்குப் போகிறார்.