இரண்டு தேர்வுகள்

(விழாக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



மகாவீரர் பிறந்த நாள் விழா பங்குனி, சித்திரைத் திங்கள்களை ஒட்டி வருகிறது. தமிழகப் பள்ளிகளின் ஆண்டிறுதியும் அப்பருவத்திலேயே வருகிறது. அரையாண்டுத் தேர்வு, திருப்புதல் தேர்வுகள், செய்முறைத் தேர்வு, பிரிவு உபசார விழா, பொதுத்தேர்வு என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்து முடிந்தபின், முடிவுக்காகக் காத்திருக்கும் நாள்கள் தொடங்குகின்றன. பத்தாம் வகுப்பு முடித்த பிள்ளை இருக்கும் வீட்டில் அந்நாள்களின் பேச்சு பெரும்பாலும் ஒன்றே: எத்தனை மதிப்பெண் வரும்?

தமிழில் 'தேர்வு' என்னும் சொல் இரு பொருள் தருவது. பரீட்சையும் தேர்வே; பலவற்றுள் ஒன்றைத் தெரிந்துகொள்ளுதலும் தேர்வே. பத்தாம் வகுப்பின் முடிவில் இவ்விரண்டும் அடுத்தடுத்து வருகின்றன. முதலாவதைப் பிள்ளை எழுதுகிறது. இரண்டாவதாகிய பாடப்பிரிவுத் தேர்வைப் பெரும்பாலும் குடும்பமே எழுதுகிறது. முதல் தேர்வுக்குப் பத்து மாத உழைப்பு உண்டு. இரண்டாவது தேர்வோ, முடிவு வந்த சில நாள்களில், அடுத்த வீட்டார் சொல்லையும் உறவினர் சொல்லையும் கேட்டு முடிந்துபோகிறது. வாழ்நாள் முழுதும் உடன்வருவது இரண்டாவது தேர்வின் விளைவே ஆதலின், அதனைப் பற்றி இவ்வவையில் சிந்தித்தல் தகும்.

முதலில் மதிப்பெண் பட்டியலைப் படிக்கும் முறையைக் காண்போர் கருத வேண்டும். தமிழ், ஆங்கிலம், கணிதம், அறிவியல், சமூக அறிவியல் ஆகிய ஐந்து பாடங்களுக்கு மொத்தம் 500 மதிப்பெண். எடுத்துக்காட்டாக, இரு மாணவர் இருவரும் 390 மதிப்பெண் பெற்றதாகக் கொள்வோமாயின், ஊரார் இருவரையும் ஒரு தட்டில் வைப்பர். ஒருவர் தமிழில் 92, ஆங்கிலத்தில் 70, கணிதத்தில் 48, அறிவியலில் 84, சமூக அறிவியலில் 96 பெற்றவர். மற்றவர் தமிழில் 64, ஆங்கிலத்தில் 61, கணிதத்தில் 98, அறிவியலில் 88, சமூக அறிவியலில் 79 பெற்றவர். கூட்டுத்தொகை ஒன்று; மாணவர் இருவரும் வெவ்வேறு திசையினர். அறிவியல் மதிப்பெண்ணிலும் 25 செய்முறைக்கு உரியது. அந்த 25ஐயும் முழுமையாகப் பெற்றவர் மொத்தம் 84 வாங்கியிருப்பின், எழுத்துத் தேர்வில் அவர் பெற்றது 75க்கு 59 என்பதை நினைவில் கொள்ளுதல் வேண்டும். கூட்டுத்தொகை மறைப்பதைப் பாடவாரி மதிப்பெண் காட்டிவிடும்.

மாநில அளவில் முதல் மூன்று இடங்களை அறிவிக்கும் வழக்கத்தைத் தமிழக அரசு 2017இல் கைவிட்டது. பிள்ளைகளிடையே போட்டியும் அழுத்தமும் குறைய வேண்டும் என்பதே அதன் நோக்கம். அரசு கைவிட்ட அவ்வழக்கத்தைத் தெருமுனைப் பதாகைகளும் வீட்டுத் திண்ணைப் பேச்சும் இன்னும் கைவிட்டில.

அடுத்து, பாடப்பிரிவுகள். புகுமுக வகுப்புக்கு மாற்றாக மேல்நிலைக் கல்வி தமிழகப் பள்ளிகளில் 1978இல் தொடங்கப்பெற்றது. கல்லூரி வாயிலில் நிகழ்ந்துவந்த தெரிவு அன்றுமுதல் பள்ளி வாயிலுக்கு, பதினைந்து வயதுப் பிள்ளையின் முன்னே வந்துவிட்டது. இன்று மேல்நிலையில் ஆறு பாடங்கள், 600 மதிப்பெண். மொழிப்பாடங்கள் இரண்டு எல்லார்க்கும் பொது. எஞ்சிய நான்கே பிரிவுக்குப் பிரிவு வேறுபடுவன. அந்நான்கில்தான் சில கதவுகள் திறக்கின்றன, சில மூடிக்கொள்கின்றன.

பொறியியல் சேர்க்கைக்கான தகுதி மதிப்பெண் 200. அதில் கணிதம் 100. இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் ஐம்பது ஐம்பது. பாதி கணிதமே என்பதை உணர்ந்தால், கணிதத்தில் 48 பெற்று, அப்பாடத்தைக் கண்டாலே அஞ்சும் பிள்ளையைப் பொறியியலுக்கென்று கணிதப் பிரிவில் அமர்த்துவது எத்தகைய சுமை என்பது விளங்கும். மருத்துவத்துக்கோ 720 மதிப்பெண்ணுக்கான நீட் தேர்வில் இயற்பியலும் வேதியியலும் உயிரியலும் வேண்டும், கணிதம் வேண்டுவதில்லை. ஆயினும் கணிதம் வேண்டாத பிரிவில் சேர்ந்துவிட்டால் கணக்கே வாராது என்று எண்ணுதல் பிழை. இயற்பியலுக்குள் கணக்கு ஒளிந்திருக்கிறது. கோவையிலுள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பட்டப்படிப்புக்கு நீட் தேவையில்லை. மேல்நிலை மதிப்பெண்ணே அடிப்படை. நிலத்தோடு வாழ்ந்துவரும் குடும்பங்கள் அறிந்துகொள்ள வேண்டிய வாயில் இது.

வணிகவியல், கணக்குப் பதிவியல், பொருளியல் அடங்கிய பிரிவை 'மதிப்பெண் குறைந்தோர்க்குரியது' என்று ஒதுக்கும் வழக்கம் ஒன்று உண்டு. பட்டயக் கணக்கர் ஆவதற்கு அடித்தளமாகும் பாடங்கள் அவை. வரலாறும் அரசறிவியலும் பயின்றவர்க்குச் சட்டப் படிப்பும் ஆட்சிப் பணித் தேர்வும் எட்டாதன அல்ல. தமிழ் இலக்கியம் பயில எந்தப் பிரிவும் தடையன்று. வேளாண் அறிவியல், பொது இயந்திரவியல், அலுவலக மேலாண்மை முதலிய தொழிற்கல்விப் பிரிவுகளும் சில பள்ளிகளில் உண்டு. அவற்றில் பயின்றோர்க்குப் பொறியியல் சேர்க்கையில் தனி ஒதுக்கீடும் உண்டு. பத்தாம் வகுப்போடு பல்தொழில்நுட்பக் கல்லூரியில் மூன்றாண்டுப் பட்டயம் பெற்றவர், பொறியியலில் நேரே இரண்டாம் ஆண்டில் சேரலாம். ஐ.டி.ஐ. பயிற்சி பெற்றவர் ஓரிரண்டு ஆண்டுகளில் கைத்தொழிலோடு வெளிவருகிறார். பாதைகள் பல. எந்தப் பாதையின் மீதும் 'இது தாழ்ந்தோர்க்கு' என்று பலகை மாட்டப்படவில்லை. அப்பலகையை மாட்டுவது மனிதர் நாவே.

வந்தவாசி, செய்யாறு, திண்டிவனம் வட்டாரச் சிற்றூர்க் குடும்பங்கள் சிறப்பாகக் கருத வேண்டிய செய்தி ஒன்று உண்டு. பத்தாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் பயின்ற பிள்ளை நல்ல மதிப்பெண் பெற்றவுடன், அதனைப் பெருஞ்செலவில் தனியார் பள்ளிக்கு மாற்றும் ஆசை எழுதல் இயல்பு. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு முடிய அரசுப் பள்ளியில் பயின்றோர்க்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு 2020இல் வந்தது. மறு ஆண்டிலேயே பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், சட்டம் முதலிய படிப்புகளுக்கும் அது விரிந்தது. உயர்கல்வி பயிலும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கும் புதுமைப்பெண் திட்டம் 2022இலும், ஆண்களுக்கான தமிழ்ப்புதல்வன் திட்டம் 2024இலும் தொடங்கின. கடைசி இரண்டாண்டுகளுக்காகத் தனியார் பள்ளிக்கு மாறும் பிள்ளை, முந்தைய ஐந்தாண்டுகளால் சேர்த்துவைத்த ஒதுக்கீட்டு உரிமையை அந்நாளிலேயே இழக்கிறது. தமிழ்வழியில் பயின்றோர்க்கு அரசுப் பணியில் 20 விழுக்காடு முன்னுரிமை தரும் சட்டமும் 2010 முதல் உண்டு. 2020இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி பள்ளிக் கல்வியும் தமிழ்வழியிலேயே அமைந்திருத்தல் வேண்டும். பள்ளியையோ பயிற்றுமொழியையோ மாற்றுமுன் இவற்றைக் கணக்கிட்டுப் பார்த்தல் அறிவுடைமை. கணக்கிட்டபின் மாற்றுவதே நன்றெனத் தோன்றினால் மாற்றலாம். அறியாது மாற்றுவதுதான் இழப்பு.

பெண் பிள்ளைகளின் நிலை தனியே சொல்லத்தக்கது. உள்ளூர்ப் பள்ளியில் இருக்கும் பிரிவே மகளுக்கு உரிய பிரிவு என்று பல வீடுகளில் முடிவாகிறது. அறிவியலில் தேர்ந்த பெண், அருகில் அறிவியல் பிரிவு இல்லை என்பதற்காகவே வேறு பிரிவில் அமர்கிறாள். அதே வீட்டு மகனுக்கோ பத்துக் கல் தொலைவும் தொலைவாவதில்லை. அவள் பாதையைத் தீர்மானித்தது மதிப்பெண்ணும் அன்று, விருப்பமும் அன்று, பேருந்து நேரமே. ஒரே ஊரிலிருந்து இரண்டு மூன்று பெண்கள் சேர்ந்து சென்றுவர வழிசெய்தல், பாதுகாப்பான விடுதியைத் தேடித்தருதல், பயணச் செலவில் ஒரு பகுதியை ஏற்றல் ஆகியவை ஓர் அறக்கட்டளையின் ஆற்றலுக்கு உட்பட்டவையே. கல்விப் பரிசு வழங்கும் விழாவுக்கு நிகரான அறம் அது.

மாணவரை எவ்வாறு அளப்பது என்பதற்குப் பவணந்தி முனிவரின் நன்னூல் துணைசெய்கிறது. அதன் பொதுப்பாயிரம் ஆசிரியர்க்குச் சொன்ன உவமைகளுள் துலாக்கோலும் ஒன்று. ஐயம் தீர உள்ள அளவைக் காட்டுவதும், இரு பக்கமும் சாயாது நிற்பதும் துலாக்கோலின் இயல்பு. மாணாக்கர்க்கு அன்னம், பசு, மண், கிளி, இல்லிக்குடம், ஆடு, எருமை, நெய்யரி என்னும் எட்டும் உவமைகளாயின. இவை கற்கும் முறையைக் குறித்தனவேயன்றிப் பிறவிக் குணத்தைக் குறித்தன என்று கொள்ளற்க. கணக்கு வகுப்பில் இல்லிக்குடமாக ஒழுகவிடும் பிள்ளை, தமிழ் வகுப்பில் அன்னமாய்ப் பாலைப் பிரித்தெடுப்பது பள்ளிகளில் கண்கூடு. ஒரு பாடத்தில் எருமையென்று கண்டதைக் கொண்டு பிள்ளையையே எருமையென்று வைதல், துலாக்கோல் செய்யும் வேலையன்று.

தேர்ச்சி பெறாத பிள்ளையைப் பற்றியும் ஒரு சொல். ஒரு பாடத்தில் 35க்குக் குறைந்த பிள்ளைக்கு, முடிவு வெளிவந்த சில வாரங்களிலேயே துணைத்தேர்வு நடைபெறுகிறது. அதில் தேறினால் அவ்வாண்டே மேல்வகுப்பில் சேரலாம், ஓராண்டு வீணாவதில்லை. அரசு தந்த இவ்வாய்ப்பை வீட்டுச் சொற்கள் பறித்துவிடக் கூடாது. முடிவு வெளிவரும் நாளின் மாலையில் உறவினரை அழைத்து ஒப்பிடுதல், உணவின்போது குத்திக்காட்டுதல், 'இனி வயலுக்குப் போ' என்று அனுப்புதல் இவை பிள்ளையின் கைப்பேனாவை மட்டுமன்று, சில வேளைகளில் உயிரையே பறித்துவிடும். உடலுக்கு ஊறு செய்யாமை மட்டுமே கொல்லாமை அன்று. சொல்லாலும் ஊறு செய்யாமை என்பது இச்சமூகம் வழிவழியாகக் கற்று வந்த பாடம். அதனைக் காட்ட வேண்டிய நாள் தேர்வு முடிவு வெளிவரும் நாளே.

பதினொன்றாம் வகுப்பைப் பற்றியும் ஓர் எச்சரிக்கை தேவை. 2017-18ஆம் கல்வியாண்டில் அவ்வகுப்புக்கும் பொதுத்தேர்வு கொண்டுவரப்பட்டது. 2025இல் வெளியான மாநிலக் கல்விக் கொள்கை அதனை விலக்கியது. பிள்ளைகளின் சுமை குறைந்தது நன்றே. ஆயின் பொதுத்தேர்வு இல்லாத வகுப்பு படிக்க வேண்டாத வகுப்பு ஆகிவிடாது. நீட் போன்ற நுழைவுத் தேர்வுகள் இரண்டாண்டுப் பாடங்களிலிருந்தும் வினவுகின்றன. பதினொன்றில் விட்ட பாடம் கல்லூரி முதலாண்டில் கடனாக வந்து நிற்கும்.

நிறைவாக, பெற்றோர் செய்யத்தக்கன சில. மாற்றுச் சான்றிதழையும் மதிப்பெண் சான்றிதழையும் பெறும்போதே பெயர், தலைப்பெழுத்து, பிறந்த தேதி ஆகியவற்றை எழுத்தெழுத்தாகச் சரிபார்த்தல் வேண்டும். பிழை இருப்பின் பள்ளியிலேயே உடனே தெரிவித்தல் வேண்டும். பிரிவைத் தேர்வதற்கு முன் பாட ஆசிரியரை நேரிற் கண்டு மூன்று வினாக்களைக் கேட்டல் நன்று. எந்தப் பாடத்தில் இப்பிள்ளை தானாக வினா எழுப்புகிறது? எந்தப் பாடத்தில் மனப்பாடத்தால் மட்டுமே மதிப்பெண் வந்தது? இப்பிரிவு திறக்கும் கதவு எது, மூடும் கதவு எது? அதன்பின் வீட்டிற்கு வந்து பிள்ளையைக் கேட்க வேண்டும். விடை வரும்வரை பொறுத்திருக்கவும் வேண்டும். பதினைந்து வயதுப் பிள்ளை பெரியோர் முன் உடனே வாய்திறவாது.

முதல் தேர்வின் விடைத்தாளைப் பிறர் திருத்துவர். இரண்டாம் தேர்வின் விடையைப் பிள்ளை நாற்பது ஆண்டு வாழ்ந்து திருத்த வேண்டியிருக்கும். ஆதலின் அவ்விடையை எழுதும் கையில் பிள்ளையின் கையும் இருத்தல் வேண்டும். இவ்வாண்டு தேர்வு எழுதிய செல்வங்கள் அனைவரும் தத்தமக்குரிய வழியில் நிறைவெய்துக.