முதலில் அளந்து பாருங்கள்

பழைய ஆஸிலோஸ்கோப் ஒன்று கைக்கு வந்ததும் இன்று பலர் செய்கிற முதல் வேலை, உள்ளே இருக்கிற கெபாசிட்டர் அத்தனையையும் பிடுங்கிப் புதிது போடுவது. எனக்கு இதில் கொஞ்சமும் உடன்பாடில்லை. முதலில் அளந்து பாருங்கள். மறுபடியும் சொல்கிறேன், முதலில் அளந்து பாருங்கள்.

என் மனசுக்குப் பிடித்த டெக்ட்ரானிக்ஸ் 465-ஐயே எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்து நிறுவனமான டெக்ட்ரானிக்ஸ் இதை 1972-இல் கொண்டுவந்தது. 100 மெகாஹெர்ட்ஸ், இரண்டு சேனல், எடை சுமார் 10 கிலோ. கம்ப்யூட்டர் இருக்கிற இடத்துக்கே போய்ப் பழுது பார்த்தவர்கள் கையில் தூக்கிக்கொண்டு போன கருவி அது.

அதன் பவர் சப்ளையில் 110, 55, 15, 5, மைனஸ் 8 என்று ஐந்து வோல்டேஜ்கள் முக்கியம். ஐந்தும் சரியா, ரிப்பிள் இல்லாமல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. தெரிந்த தம்பி ஒருவர் 465 ஒன்றைக் கொண்டுவந்தார். "பெரிய கெபாசிட்டர் எல்லாத்தையும் மாத்திட்டேன் அண்ணே, திரையில இன்னும் கோடே வரல" என்றார். மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு 15 வோல்ட் லைனுக்கும் எர்த்துக்கும் நடுவே மல்டிமீட்டரை வைத்தேன். ஏறக்குறைய நேரடி ஷார்ட். அந்த லைன் ஒவ்வொரு பலகைக்கும் சின்ன ரெசிஸ்டர் வழியாகத்தான் பிரிகிறது. ரெசிஸ்டரின் ஒரு காலை மட்டும் தூக்குவது, மீட்டரைப் பார்ப்பது, திரும்ப வைப்பது என்று ஒவ்வொன்றாகப் போனோம். ஒரு காலைத் தூக்கியதும் மீட்டரில் ஓம்கள் விறுவிறுவென ஏறின. அந்தக் கிளையில் பட்டாணி அளவு டான்டலம் கெபாசிட்டர் ஒன்று உள்ளுக்குள்ளேயே ஷார்ட் ஆகியிருந்தது. வெளியே ஒரு கீறல்கூட இல்லை. அதை மாற்றியதும் கோடு வந்தது. தம்பி மாற்றிய பெரிய கெபாசிட்டர் டப்பாக்களில் குறையே இருந்திருக்காது என்பது என் எண்ணம். அந்த டப்பாக்களின் கால்கள் பலகையின் எர்த் பாதைகளையும் இணைக்கின்றன. யோசிக்காமல் பிடுங்கினால் இல்லாத பழுது புதிதாக வரும்.

அடுத்தது, சுவிட்ச். வோல்ட் குமிழையும் நேரக் குமிழையும் திருப்பும்போது கோடு துள்ளினால் உடனே ஸ்ப்ரேயைப் பீய்ச்சுகிறார்கள். வேண்டாம். உள்ளே தங்கமுலாம் பூசிய மெல்லிய தகடுகள் வரிசையாக நிற்கும். அவை வளைந்தால் அவ்வளவுதான். பழைய விசிட்டிங் கார்டிலிருந்து மெல்லிய கீற்று ஒன்று வெட்டி, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்து, தகட்டுக்கும் பலகைக்கும் நடுவே விட்டு மெதுவாக இழுங்கள். கீற்றில் கருப்பாக அழுக்கு வரும். வெள்ளையாக வரும்வரை இழுங்கள்.

ஒன்றை மறக்கக்கூடாது. பிக்சர் டியூப் பக்கம் சுமார் 18,000 வோல்ட் இருக்கிறது, அணைத்த பிறகும் சிறிது நேரம் தங்கும். எர்த் பின்னை வெட்டிவிட்டு ஸ்கோப்பை மிதக்கவிடுகிற பழக்கமும் சிலரிடம் உண்டு. ஸ்கோப்பின் உலோக உடம்பு முழுவதுமே அப்போது கரண்டில் நிற்கக்கூடும். தயவுசெய்து செய்யாதீர்கள்.

இனி, 465-இல் நான் சொக்கிப்போகிற இடம். அலையின் விளிம்பு வந்தால்தான் ட்ரிகர் கிளம்பும், ட்ரிகர் கிளம்பினால்தான் கோடு ஓடத் தொடங்கும். அதற்குள் விளிம்பு கடந்துபோய்விடுமே! அதற்காக அலையை ஒரு டிலே லைன் வழியாக விட்டு, நொடியில் சுமார் கோடியில் ஒரு பங்கு நேரம் காக்கவைக்கிறார்கள். கோடு ஓட ஆரம்பித்த பிறகே அலை வந்து சேர்கிறது. ட்ரிகரைக் கிளப்பிய அதே விளிம்பைத் திரையில் பார்க்கிறோம். மெமரி இல்லாமல், வெறும் கம்பியை வைத்து இதைச் சாதித்திருக்கிறார்கள். டிஜிட்டல் ஸ்கோப் எவ்வளவு வசதியாக இருந்தாலும் இந்த நேர்த்திக்கு ஈடாக எதையும் என்னால் சொல்ல முடியவில்லை.

உங்கள் 465 பிழைத்துக்கொண்டால், கூர்மையாக எழும் சதுர அலை ஒன்றைக் கொடுத்து, நேரக் குமிழை மிக வேகத்தில் வையுங்கள். இடது ஓரத்தில் சிறிது தட்டையாகப் போய், பிறகு கோடு எழும்ப வேண்டும். அந்த எழுச்சி முழுசாகத் தெரிந்தால் ட்ரிகரும் டிலே லைனும் நலம், அளவு திருத்தத்தில் இறங்கலாம். பாதியிலிருந்துதான் தெரிகிறது என்றால் ட்ரிகர் பலகையை அளக்கத் தொடங்குங்கள்.