கேட்டு எழுதினால்தான் வரலாறு!

(தலைப்பு: வரலாற்றைக் காப்பாற்றுபவை ஏடுகளே! எளியோர் நினைவுகளே! – 'எளியோர் நினைவுகளே' அணியில் பேசியது)

நடுவர் அவர்களே! எதிரணியில் அமர்ந்திருக்கும் ஏட்டுச் சுரைக்காய்களே! கோபப்படாதீங்க, ஏட்டு நண்பர்களே! (சிரிப்பு)

எனக்கு முன்னால் பேசிய அம்மையார் அழகாகச் சொன்னாங்க: "மனுஷனுக்கு மறதி வரும், தாளுக்கு வராது." வாஸ்தவம்தாங்க. ஆனால் யாரை எழுதவே இல்லையோ, அவரைத் தாள் எப்படி ஞாபகம் வைக்கும்? (கைதட்டல்)

சயாம் மரண ரயில் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1942, 43-இல் தாய்லாந்திலிருந்து பர்மாவுக்கு, காட்டைக் குடைந்து 415 கிலோமீட்டருக்கு ஜப்பான் ராணுவம் போட்ட பாதை. அதிலே வேலை செய்த போர்க்கைதிகள் அறுபதாயிரம் பேருக்கு மேல். 12,000 பேருக்கு மேல் செத்தார்கள். அவர்களோடு அதிகாரி இருந்தார், டாக்டர் இருந்தார், ஒளித்து வைத்தாவது குறிப்பு எழுதினார்கள். இன்றைக்கும் காஞ்சனபுரிக்குப் போனால் சுமார் 7,000 கல்லறைகள், வரிசை வரிசையாக இருக்கின்றன.

அதே பாதையில் ஆசியத் தொழிலாளர்கள் ஒன்றே முக்கால் லட்சத்துக்கும் மேல்! மலாயா ரப்பர் தோட்டத்திலிருந்து நம்ம தமிழர்கள் பல்லாயிரம் பேர். நல்ல கூலி என்று ஆசை காட்டிக் கூட்டிப் போனார்கள்; வராதவர்களை இழுத்துப் போனார்கள். காலரா வந்தது. எத்தனை பேர் செத்தார்கள்? ஒருவர் எழுபதாயிரம் என்கிறார், இன்னொருவர் தொண்ணூறாயிரம் என்கிறார். ஐயா, இருபதாயிரம் உயிர் இடிக்கிறது! மளிகைக் கணக்கிலே இருபது ரூபாய் இடித்தால் நம்ம வீட்டம்மா விடுவாங்களா? (சிரிப்பு, கைதட்டல்)

ஏடு கைவிட்ட அந்தக் கதையைச் சொன்னவர்கள், பிழைத்துத் திரும்பியவர்கள். உட்கார்ந்து கேட்கத்தான் ஆள் வேண்டியிருந்தது. சிங்கப்பூரில் 1979-இல் வாய்மொழி வரலாற்றுக்கென்றே அரசு ஒரு பிரிவு தொடங்கி, ஜப்பானியர் காலத்தில் பட்ட பாட்டையெல்லாம் சாதாரண மக்களிடம் கேட்டுப் பதிவு செய்தது. தமிழிலும் பதிவு செய்தது.

"நினைவு தப்புமே?" என்பார்கள். தப்பும். தேதியை ஏட்டில் பார்த்துக்கொள்ளலாம். பசியை எந்த ஏட்டில் பார்ப்பது? (பலத்த கைதட்டல்)

ஏடு மட்டும் தப்பாதா? அமெரிக்காவில் அடிமைகளாக இருந்தவர்களைத் தேடிப்போய், 1936 முதல் 38 வரை, 17 மாநிலங்களில் 2,300 பேருக்கு மேல் பேட்டி எடுத்தார்கள். சார்ல்ஸ்டன் நகரில் ஒரு மூதாட்டி. வெள்ளைக்கார அம்மா வந்து கேட்டார். "எங்க எஜமான் நல்லவர்" என்கிற மாதிரி பேசி அனுப்பிவிட்டார். ஒரு கறுப்பினத்தவரும் வந்து கேட்டார். அவரிடம் சவுக்கடியைச் சொன்னார், பிள்ளையைப் பிரித்து விற்றதைச் சொன்னார். ஒரு பேட்டியில் அவர் பெயர் சூசன் ஹாம்லின். இன்னொன்றில் சூசன் ஹாமில்டன். தப்பாது என்றீர்களே, அந்தத் தாள் அவர் பெயரைக்கூட ஒழுங்காக எழுதவில்லை!

அந்த அம்மா பொய் சொல்லவில்லைங்க. யாரிடம் எதைச் சொன்னால் பத்திரம் என்று பார்த்துப் பேசினார். எளியவன் வாயைத் திறக்க வேண்டுமானால், கேட்கிறவன் முகத்தில் பயமுறுத்தல் இருக்கக்கூடாது.

நம்ம வீட்டுக்கு வாங்க. கல்யாண வீடியோ மூன்று மணி நேரம் ஓடுகிறது. பாட்டி எங்கே வருகிறார்? பந்தியில், அப்பளத்தை நொறுக்கும்போது, இரண்டே விநாடி! (சிரிப்பு) அந்தப் பாட்டி எந்தப் பஞ்சத்தில் எதைத் தின்று பிழைத்தார், எந்த வயதில் வயலில் இறங்கினார், எந்தத் தெருவில் நடக்கக்கூடாது என்று விரட்டப்பட்டார் என்று யாராவது கேட்டோமா?

இன்றைக்கு ஆளுக்கொரு செல்போன். அனுமதி கேட்டு, பக்கத்தில் வையுங்கள். பெயர், ஊர், தேதியை முதலில் சொல்லிவிடுங்கள். "அது அப்படியில்லை பாட்டி" என்று குறுக்கே போகாதீர்கள். அழுதால் நிறுத்துங்கள். மௌனமாக இருந்தால் காத்திருங்கள்.

நடுவர் அவர்களே! ஏடு நூறு வருஷம் அலமாரியில் காத்திருக்கும். பாட்டி காத்திருக்க மாட்டார். ஆகவே, வரலாற்றைக் காப்பாற்றுபவை எளியோர் நினைவுகளே என்று தீர்ப்புத் தாருங்கள். (நீண்ட கைதட்டல்)