திருத்தாமல் திருத்தும் கலை

மாணவரின் கட்டுரையைச் சிவப்பு மையால் திருத்தித் தருவது எளிது. அவரே திருத்திக்கொள்ளும்படி செய்வதுதான் கடினம். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் எழுத்து மையங்கள் அதை ஒரு கலையாகவே வளர்த்திருக்கின்றன.

1970இல் நியூயார்க் நகரப் பல்கலைக்கழகம் அந்நகரில் பள்ளிப்படிப்பை முடித்த அனைவருக்கும் கதவைத் திறந்துவிட்டது. கல்லூரி வாசலையே மிதிக்காத குடும்பங்களின் பிள்ளைகள் ஏராளமாக வந்தார்கள். கட்டுரை எழுதத் திணறினார்கள். வகுப்பறை போலவே தோன்றிய உதவிகளை அவர்கள் நாடவில்லை. அந்தக் காலத்தில்தான் புரூக்ளின் கல்லூரிப் பேராசிரியர் கென்னத் புரூஃபி, மாணவருக்கு மாணவரையே துணையாக்கினார். 1976இல் இந்தியானா மாநிலத்துப் பர்டியூ பல்கலைக்கழகத்தில் முரியல் ஹாரிஸ் எழுத்துக்கூடம் என்ற பெயரில் இத்தகைய மையம் ஒன்றைத் தொடங்கினார். அதன் பாடங்கள் 1994இல் இணையத்துக்கும் வந்தன.

இந்த மையங்களில் நடப்பது இதுதான். மாணவர் தம் கட்டுரையை வாய்விட்டுப் படிக்கிறார். கண் தாண்டிப்போன பிழையில் நாக்கு இடறுகிறது, அவரே நிறுத்துகிறார். பக்கத்தில் இருப்பவர் பேனாவைத் தொடுவதில்லை. "இங்கே என்ன சொல்ல வந்தீர்கள்?" என்று மட்டும் கேட்கிறார். வாயால் வரும் பதில் பல நேரம் தாளில் இருப்பதைவிடத் தெளிவாக இருக்கும். "அதையே எழுதுங்களேன்" என்பார். முதலில் வாதமும் சான்றும், எழுத்துப்பிழை கடைசியில்தான். நீக்கப்போகும் பத்தியில் காற்புள்ளி தேடி என்ன பயன்?

சலவைக்குத் துணி போடுவதுபோலக் கட்டுரையைக் கொடுத்துவிட்டுப் போக வருபவர்களும் உண்டு. இந்த எண்ணத்தை எதிர்த்து ஸ்டீஃபன் நார்த் என்பவர் 1984இல் ஒரு கட்டுரை எழுதினார். தாளைச் செப்பனிடுவதல்ல, எழுதுபவரை வளர்ப்பதே மையத்தின் வேலை என்பது அவர் வாதம்.

ஏற்கிறேன், ஆனால் ஓர் இடத்தில் இந்த முறை சறுக்குகிறது. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவருக்கு ஆங்கிலப் பிழை பல நேரம் காதில் உறுத்தாது. எத்தனை முறை வாசித்தாலும் அது சரியாகவே ஒலிக்கும். நம்மூரிலிருந்து போய் ஆய்வேடு எழுதும் மாணவருக்குக் கேள்விகள் மட்டும் போதா. வழக்கு இதுவென்று வெளிப்படையாகச் சொல்லித்தர வேண்டும். அங்கே பொறுமை காப்பது உதவியை மறுப்பதாகிவிடும்.

நம் கல்லூரிகளுக்கு இது ஒத்துவருமா? இரண்டு நாற்காலியும் பொறுமையுள்ள ஒரு மூத்த மாணவரும் கிடைப்பது அரிதல்ல. அரிதாக இருப்பது இரண்டாம் வரைவு. மதிப்பெண் விழுந்த கட்டுரையை யாரும் திரும்ப எழுதுவதில்லை. முதல் வரைவுக்கு மதிப்பெண் போடாமல் திருப்பித்தரும் ஆசிரியர் துறைக்கு ஒருவர் இருந்தால், இந்தக் கலை இங்கேயும் வேர்பிடிக்கும்.